வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையா? மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தியாயிற்று. விளக்கு எரிகிறது, எத்தனை நிமிடம் ஆகும் என்றும் காட்டுகிறது, தண்ணீர் மட்டும் வரக் காணோம். கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று கத்திவிட்டு மெஷின் நின்றுவிடுகிறது. உடனே கை போனைத் தேடும். அதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பல வீடுகளில் மெக்கானிக்கைக் கூப்பிடவே வேண்டியிருக்காது.

காரணம் இதுதான். நம் வீடுகளில் மெஷினுக்குத் தண்ணீர் வரும் வழி நீளமானது. போர் அல்லது சம்ப், மோட்டார், மொட்டைமாடித் தொட்டி, கேட் வால்வு, சுவருக்குள் ஓடும் பைப், குழாய், ஹோஸ், அப்புறம்தான் மெஷின். இதில் எங்கே அடைத்தாலும் பழி மெஷின் தலையில்தான் விழும். உண்மையில் கோளாறு பெரும்பாலும் மெஷினுக்கு வெளியே இருக்கும். இல்லாவிட்டால் அதன் வாசலில் உள்ள விரல்நுனி அளவு வலையில் இருக்கும். அதனால் தண்ணீர் வரும் வழியிலேயே நாமும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவோம். ‘போர்டு போயிடுச்சு’, அதாவது மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னாலும், இந்த வரிசையை முடிக்கும் வரை நம்ப வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு பக்கெட், பழைய துணி, பழைய டூத் பிரஷ், கட்டிங் பிளேயர் அல்லது மூக்கு நீண்ட குறடு, ஸ்க்ரூ டிரைவர், டார்ச். மெஷினின் பின்பக்கம் எதைத் தொடுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஈரக் கையோடு பிளக்கைத் தொடவும் கூடாது.

நிஜமாகவே தண்ணீர் வரவில்லையா?

கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் புதிதாக மெஷின் வாங்கியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஃப்ரண்ட் லோடு மெஷின் மிகக் குறைந்த தண்ணீரில் துவைக்கும். அந்தத் தண்ணீரைத் துணி குடித்துவிடும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் டிரம்மில் தண்ணீர் தேங்கி நிற்பதே தெரியாது. துணி நனைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

டாப் லோடில் வேறு விஷயம். பல மாடல்கள் தண்ணீரை எடுப்பதற்கு முன் டிரம்மை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்து, துணியின் எடையைக் கணக்கிடும். அந்த நேரத்தில் தண்ணீர் வராது. இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அப்புறம் பேனலைப் பாருங்கள். தாமதமாகத் தொடங்கும்படி நேரம் வைத்திருக்கிறதா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பட்டன் தானாகவே அழுந்தியிருக்கும். சைல்டு லாக் விழுந்திருக்கிறதா? இன்னொன்றும் உண்டு. சில மெஷின்களின் பின்னால் சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என இரண்டு நுழைவாய்கள் இருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீர் ஹோஸை மட்டும்தான் மாட்டியிருப்போம். அந்த மெஷினில் தெரியாமல் ‘ஹாட்’ என்று வைத்துவிட்டால், அது இல்லாத சுடுதண்ணீருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ‘கோல்டு’ என்று மாற்றினால் முடிந்தது.

திரையில் ஏதாவது குறி வந்திருந்தால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராததற்கு எல்ஜி மெஷின் ‘ஐ இ’ என்று காட்டும். சாம்சங்கில் ‘4 சி’ அல்லது ‘4 இ’. பாஷில் ‘இ 17’. பானசோனிக்கில் ‘யு 14’. சாம்சங்கில் ‘5 இ’ என்று வந்தால் அது தண்ணீர் வெளியேறாத கோளாறு. அந்தச் சின்னத் திரையில் 5 என்ற எண் ஆங்கில ‘எஸ்’ போலத் தெரியும், குழம்ப வேண்டாம். எல்ஜியில் தண்ணீர் வெளியேறாததற்கு ‘ஓ இ’. இவற்றைத் தவிர வேறு ஏதாவது வந்தால் மெஷினோடு வந்த கையேட்டைப் பாருங்கள். தண்ணீர் வராததற்கான குறிகள் ‘குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் போதிய அளவு ஏறவில்லை’ என்று மட்டும்தான் சொல்கின்றன. எதனால் ஏறவில்லை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள்

மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டு, அது தண்ணீர் எடுக்க வேண்டிய நேரத்தில் பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். இது செலவில்லாத சோதனை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

‘ம்ம்ம்’ என்று மெல்லிய இரைச்சல் கேட்கிறது, தண்ணீர் ஓடும் சத்தம் இல்லை, அல்லது சொட்டுச் சொட்டாக விழுகிறது என்றால், மெஷின் தண்ணீரைக் கேட்டுவிட்டது, வாசலையும் திறக்கப் பார்க்கிறது, தண்ணீர்தான் வந்து சேரவில்லை என்று பொருள். குழாய், ஹோஸ், வலை, அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள்.

எந்தச் சத்தமும் இல்லையென்றால் மெஷின் தண்ணீரே கேட்கவில்லை. கதவு, தண்ணீர் மட்டம் அறியும் சென்சார், வயர், போர்டு என்று பார்க்க வேண்டியிருக்கும். என்றாலும் குழாய்ப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டே அங்கே போங்கள்.

தண்ணீர் நன்றாகக் கொட்டும் சத்தம் கேட்கிறது, ஆனால் மட்டம் ஏறவில்லையா? வந்த தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போகிறது. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

பக்கெட் சோதனை

பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷினுக்குப் போகும் குழாயை மூடுங்கள். ஹோஸை மெஷின் பக்கத்தில் கழற்றுங்கள், குழாய்ப் பக்கத்தில் அல்ல. இதில் ஒரு காரணம் இருக்கிறது: இப்படிக் கழற்றினால் குழாயும் ஹோஸும் சேர்ந்து ஒரே சோதனையில் தெரிந்துவிடும். மரையைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகினால் போதும். உப்புப் பிடித்து இறுகியிருந்தால் துணியைச் சுற்றிக் குறடால் மெதுவாக அசைத்துக் கொடுங்கள். அது பிளாஸ்டிக் மரை, முரட்டுத்தனமாகத் திருகினால் விரிசல் விட்டுவிடும். கழற்றும்போது ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் கொட்டும், கீழே துணியைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மரைக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது பக்கெட்டில் விழுந்து, தண்ணீரை ஊற்றும்போது சாக்கடையோடு போய்விடுவது வழக்கமாக நடப்பது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வாஷர் இல்லாமல் திரும்ப மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

இப்போது ஹோஸின் நுனியைப் பக்கெட்டுக்குள் விட்டு, குழாயை முழுதாகத் திறங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள். பாஷ் மெஷின்களின் கையேடு நிமிடத்துக்குக் குறைந்தது 8 லிட்டர் கேட்கிறது. அதை ஒரு பொது அளவாக வைத்துக்கொள்ளலாம். 10 லிட்டர் பக்கெட் ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிரம்பினால் வெளிப்பக்கம் ஒழுங்காக இருக்கிறது, அடுத்து வலையைப் பார்க்கலாம். இரண்டு, மூன்று நிமிடம் ஆகிறது என்றால் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது அழுத்தம் போதவில்லை.

மெதுவாக வந்தால் ஹோஸைக் குழாயிலிருந்தும் கழற்றி, வெறும் குழாயை மட்டும் திறந்து பாருங்கள். வெறும் குழாயில் பீறிட்டு வருகிறது, ஹோஸ் வழியே வரும்போது மட்டும் இளைத்துப் போகிறது என்றால் கோளாறு ஹோஸில்தான். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் ஹோஸ் மடங்கியிருக்கலாம். பல வருடப் பழைய ஹோஸின் உள்சுவரில் உப்பு பாறைபோலப் படிந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, விரலால் அமுக்கினால் நறநறவென்று உடையும். அப்படி இருந்தால் சுத்தம் செய்துகொண்டிருக்காமல் புதிது வாங்கிவிடுங்கள். ஒருமுனையில் முழங்கை போல வளைந்தது, இன்னொரு முனையில் குழாயில் மாட்டும் கனெக்டரோடு, பிளம்பிங் கடையிலேயே கிடைக்கும். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

குழாயில் மாட்டும் கனெக்டரில் நான்கு ஸ்க்ரூ இருந்தால், அவை நான்கும் சமமாக இறுகியிருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் ரப்பர் சாய்ந்து பாதி வழியை அடைத்துவிடும்.

குழாயே இளைத்து வருகிறதா?

அப்படியானால் மாடிக்குப் போங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? இது நகைச்சுவை இல்லை. தொட்டியிலிருந்து மெஷினுக்குத் தனி லைன் எடுத்திருப்பவர்கள் வீட்டில், அந்த லைன் தொட்டியில் கொஞ்சம் மேலே துளைத்து எடுக்கப்பட்டிருக்கும். தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் மற்ற குழாய்களில் வரும், மெஷினுக்கு வராது.

அடுத்து கேட் வால்வு. பழைய பித்தளை கேட் வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று கீழேயே கிடக்கும். நாம் திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சும்மா சுற்றினால் சந்தேகப்படுங்கள். இதைக் கழற்றிவிட்டு பால் வால்வு போட்டுக்கொள்வதே மேல்.

தொட்டி ஒருமுறை முழுதாகக் காலியாகி மறுபடி நிரம்பியிருந்தால், பைப்பில் காற்று அடைத்துக்கொள்ளும். குழாய் புஸ் புஸ் என்று துப்பும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். வீட்டில் தரைக்கு மிக அருகில் இருக்கும் குழாய்களை எல்லாம் சேர்த்துத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று வெளியேறினால் சரியாகிவிடும். தொட்டி கழுவிய மறுநாள் இந்தப் பிரச்சினை வந்தால் காற்றை விட வண்டலையே நினைக்க வேண்டும். கழுவும்போது கிளறிய சேறும் பாசியும் நேராக வலைக்கு வந்து நிற்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி சம்பில் விடும் வீடுகளிலும் இதே கதைதான்.

அழுத்தக் கணக்கு

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் மெஷினின் நுழைவாய்க்கும் இடையே உள்ள உயரம்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). இரண்டு மாடி வீட்டில் தரைத்தளத்தில் மெஷின் இருந்தால் 6, 7 மீட்டர் கிடைக்கும், அதாவது 0.6, 0.7 பார். அதே வீட்டின் மேல்மாடியில், தலைக்கு மேலேயே தொட்டி இருந்தால் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மீட்டர்தான், 0.2, 0.3 பார். டாப் லோடு மெஷின்கள் பலவும் குறைந்தது 0.3 பார் கேட்கும். ஃப்ரண்ட் லோடு மாடலுக்கு ஏற்ப 0.5 அல்லது 1 பார் வரை கேட்கும். கையேட்டில் மெகாபாஸ்கல் என்று போட்டிருந்தால் பத்தால் பெருக்குங்கள்; 0.03 மெகாபாஸ்கல் என்பது 0.3 பார்.

“சமையலறைக் குழாயில் நன்றாக வருகிறதே, மெஷினுக்கு மட்டும் ஏன் வராது?” என்று கேட்பார்கள். மெஷினின் வாசலில் இருப்பது சாதாரணத் திறப்பு இல்லை, ஒரு வால்வு. உள்ளே ஒரு ரப்பர் தட்டு இருக்கிறது. அதன் மேல்பக்கம் நிற்கும் தண்ணீரே அதை அமுக்கி மூடி வைத்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருள் ஒரு சின்ன இரும்பு ஊசியைத் தூக்கும். தட்டின் நடுவில் உள்ள நுண்ணிய துளை திறந்து மேல்பக்கத் தண்ணீர் வழிந்துவிடும். அப்போது கீழ்ப்பக்கத் தண்ணீரின் அழுத்தம் தட்டைத் தூக்கும், வழி திறக்கும். ஆக, வால்வைத் திறப்பது மின்சாரம் பாதி, தண்ணீரின் அழுத்தம் பாதி. அழுத்தம் போதாவிட்டால் காயில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும், தட்டு எழாது. நடுத்துளையை மண் அடைத்தாலும் இதே நிலைமைதான். தட்டின் ஓரத்தில் உள்ள இன்னொரு துளை அடைத்தால் தலைகீழாக நடக்கும்: வால்வு மூடாது, மெஷினை அணைத்த பிறகும் டிரம்முக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

அழுத்தம் குறைவு என்று தெரிந்தால் என்ன செய்யலாம்? தொட்டியை ஸ்டாண்டு கட்டி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூக்குவது நிரந்தரத் தீர்வு, ஆனால் வாடகை வீட்டில் நடக்காது. அடுத்தது, மெஷினுக்குப் போகும் லைனில் தானாக ஓடித் தானாக நிற்கும் சின்ன பிரஷர் பம்ப் வைப்பது. தொட்டியிலிருந்து வரும் லைனில் மட்டும் வையுங்கள். நகராட்சிக் குடிநீர் லைனில் நேரடியாகப் பம்ப் வைத்து உறிஞ்சுவது தவறு. பம்ப் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருக்கும்போது, வீட்டில் வேறு எந்தக் குழாயும் திறக்காத நேரத்தில் மெஷினைப் போடுங்கள். அப்போது எடுத்துக்கொள்கிறது, மற்ற நேரத்தில் எடுக்கவில்லை என்றால் அழுத்தம்தான் காரணம் என்பது உறுதி.

வலை

இனி மெஷினின் வாசல். ஹோஸைக் கழற்றிய இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தொப்பி வடிவில் ஒரு சின்ன வலை தெரியும். நடுவில் பிடித்து இழுக்கத் தோதாக ஒரு மேடு இருக்கும். குறடால் அதைப் பிடித்து, ஆட்டாமல், நேராக வெளியே இழுங்கள். போர் தண்ணீர் வீட்டு வலை வெள்ளையும் பழுப்புமாக உப்புப் பூத்துக் கண்ணே தெரியாமல் இருக்கும். தொட்டி வண்டல் என்றால் பச்சை கலந்த கறுப்பு வழவழப்பு. பிவிசி பைப்பை அறுத்தபோது விழுந்த தூள், டெஃப்லான் டேப்பின் நூல் எல்லாம்கூட அதில் ஒட்டியிருக்கும். பிளம்பிங் வேலை நடந்த மறுநாளே தண்ணீர் நின்றால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டலை டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். உப்புக்குப் பிரஷ் போதாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, வலையை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வினிகரும் ஆகும். பாத்ரூம் கழுவும் ஆசிடில் போடாதீர்கள். ஊறியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்க வேண்டும். கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள். ‘வலை இருந்தால்தானே அடைக்கும்’ என்று அதை எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. நாலு நாள் நன்றாக ஓடும். அப்புறம் மண் வால்வுக்குள் புகுந்து, ஒன்றுமில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலை வால்வு மாற்றும் வேலையாகிவிடும்.

சில ஹோஸ்களின் குழாய்ப் பக்கத்திலும் இன்னொரு வலை இருக்கும். அதையும் மறக்காமல் கழுவுங்கள்.

திரும்ப மாட்டும்போது வலை முழுதாக உள்ளே அமர்ந்திருக்கிறதா, வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, மரையைக் கையாலேயே நேராகப் பிடித்துத் திருகுங்கள். கோணலாக ஏற்றினால் வால்வின் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். பிறகு வால்வையே மாற்ற வேண்டும். குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காய்ந்த டிஷ்யூ தாளை மரையைச் சுற்றி ஒற்றிப் பார்த்தால் சின்னக் கசிவும் தெரிந்துவிடும். காய்ந்திருந்தால் பிளக்கைச் சொருகி ஓடவிடுங்கள்.

போர் தண்ணீர் வீடுகளில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவுவது நல்லது.

மெஷின் சத்தமே போடவில்லையென்றால்

முதலில் ஐந்து நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அடுத்து, தண்ணீரை வெளியேற்றி ஸ்பின் மட்டும் செய்யும் புரோகிராமை ஒருமுறை ஓடவிட்டுப் பிறகு துவைக்கப் போடுங்கள். உள்ளே பழைய தண்ணீர் தங்கியிருந்து ‘ஏற்கெனவே நிரம்பிவிட்டது’ என்று மெஷின் நினைத்துக்கொண்டிருந்தால் இதில் தெளிந்துவிடும்.

ஃப்ரண்ட் லோடு கதவு பூட்டினால்தான் தண்ணீர் கேட்கும். ஸ்டார்ட் அழுத்தியதும் ‘டக்’ என்று பூட்டும் சத்தம் வருகிறதா? வராவிட்டால் கதவு ரப்பரில் கைக்குட்டையோ சாக்ஸோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டாப் லோடு பலவற்றில் மூடி திறந்திருந்தாலும் தண்ணீர் ஏறும், சிலவற்றில் மூடினால்தான் ஏறும்.

காய்ந்த துணியோடு மெஷின் சுழல ஆரம்பிக்கிறதா? அப்படியானால் மட்டம் அறியும் சென்சார் தவறாகச் சொல்கிறது. டிரம்மின் அடியிலிருந்து மேலே ஒரு மெல்லிய ரப்பர் குழல் போகும். அதற்குள் அடைபடும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் தண்ணீர் எவ்வளவு என்று மெஷின் அறிகிறது. அந்தக் குழலில் அழுக்கு அடைத்தாலோ, அது மடங்கினாலோ கணக்கு தப்பும். இதற்கு மூடியைக் கழற்ற வேண்டும். வாரண்டி இருக்கும்போது கை வைக்காதீர்கள்.

டாப் லோடின் அடிப்பாகம் திறந்திருந்தால் எலி புகுந்து வயரைக் கடிக்கும். டார்ச் அடித்து அடியில் பாருங்கள். எலிப் புழுக்கையும் பிளாஸ்டிக் துணுக்குகளும் கிடந்தால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்த முறைக்கு அடியில் வலைத்தட்டு மாட்டச் சொல்லுங்கள்.

மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு வால்வின் வயரைக் கழற்றி, காயிலின் இரண்டு கால்களுக்கு இடையே ஓம் அளந்து பார்க்கலாம். 230 வோல்ட் காயில்கள் பொதுவாக 3,000 முதல் 5,000 ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டாம். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஃப்ரண்ட் லோடில் ஒரு வழி இருக்கிறது. வால்வில் பெரும்பாலும் இரண்டு காயில்கள் இருக்கும், ஒன்று ப்ரீவாஷ் பெட்டிக்கு, இன்னொன்று மெயின் வாஷ் பெட்டிக்கு. ப்ரீவாஷ் வைத்தால் தண்ணீர் வருகிறது, சாதாரணமாக வைத்தால் வரவில்லை என்றால் மெயின் காயில் பக்கம்தான் கோளாறு. போர்டைக் குறை சொல்ல அவசரமில்லை.

இன்னொரு சோதனை எல்லோரும் செய்யலாம். டாப் லோடில் துணி மூழ்கும் அளவுக்குப் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் கொடுங்கள். ஃப்ரண்ட் லோடில் சோப்புப் பெட்டி வழியாக மெதுவாக ஒரு சில லிட்டர் ஊற்றலாம். மெஷின் மட்டத்தை உணர்ந்து துவைக்கத் தொடங்கிவிட்டால் மோட்டார், சென்சார், கதவு எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு தண்ணீர் நுழையும் வழியில் மட்டும்தான். அவசரத்துக்கு ஒரு நாள் துணியையும் இப்படியே துவைத்துக்கொள்ளலாம், அலசும்போது மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும்.

கரண்ட் குறைவாக வரும் ஊர்களில், மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது காயில் ஊசியைத் தூக்கத் திணறும். காலையில் நன்றாக ஓடும் மெஷின் ராத்திரி மட்டும் தகராறு செய்தால் அதையும் யோசியுங்கள்.

வருகிறது, நிற்கவில்லை

தண்ணீர் உள்ளே விழும் சத்தம் கேட்கிறது, மட்டம் ஏறவில்லை. கழிவுநீர் ஹோஸின் நுனியைப் பாருங்கள். மெஷின் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் அங்கே ஒழுகுகிறதா?

பம்ப் வைத்த மெஷினில், குறிப்பாக ஃப்ரண்ட் லோடில், கழிவு ஹோஸ் தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் வளைவு இருக்கும்படி மாட்டச் சொல்லிப் பல கையேடுகளில் இருக்கும். ஹோஸின் நுனியைக் கழிவுக் குழாய்க்குள் ஆழமாகத் திணித்து இடைவெளியே இல்லாமல் அடைப்பதும் தவறு, காற்று போக வழி வேண்டும்.

நம் ஊர் டாப் லோடுகள் பலவற்றில் பம்ப் இருக்காது. அடியில் ஒரு வால்வு திறந்தால் தண்ணீர் தானே இறங்கும், ஹோஸ் தரையோடு கிடப்பதுதான் முறை. இவற்றில் தண்ணீர் நிற்காவிட்டால் அந்த அடி வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து விழுந்த நாணயம், ஹேர்பின், பட்டன், சின்னப் பிள்ளைகளின் சட்டையிலிருந்து உதிர்ந்த மணி என்று எதுவும் இருக்கலாம். இது மெக்கானிக் வேலை.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன காயில், போர்டு எதுவும் பொருந்தாது. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக விழும். விழாவிட்டால் ஹோஸ் பக்கம், தண்ணீர் துவைக்கும் தொட்டிக்கா, பிழியும் தொட்டிக்கா என்று திருப்பும் திருகுப் பக்கம் பாருங்கள். விழுந்த தண்ணீர் நிற்கவில்லை என்றால் ‘டிரெயின்’ திருகு திறந்திருக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

இத்தனைக்கும் பிறகும் சரியாகாவிட்டால் கூப்பிட்டுவிடுங்கள். போனிலேயே மாடல் எண்ணையும், திரையில் வந்த குறியையும், ‘ஹோஸில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் வருகிறது, வலை கழுவியாயிற்று, காயில் சத்தம் கேட்கிறது’ அல்லது ‘கேட்கவில்லை’ என்றும் சொல்லுங்கள். தேவையான வால்வை அவர் கையோடு கொண்டுவருவார், இரண்டு தடவை வரும் கட்டணம் மிச்சம். வால்வு சில நூறு ரூபாயில் முடியும் பொருள், போர்டு அப்படியில்லை. போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், வால்வுக்கு மின்சாரம் போகவில்லை என்பதை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், புதிய பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அவர் கிளம்பும் முன் ஒரு முழு அலசல் ஓடி முடியட்டும், நின்று பாருங்கள்.